மூடிய சாலையும் உயரமான லாரியும்: மாற்றுப் பாதையில் திரும்புவதற்கு முன்

‘சாலைப் பணி நடைபெறுகிறது, மாற்றுப் பாதையில் செல்லவும்’ என்ற பலகையைப் பார்த்தவுடன் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடாதீர்கள். வண்டியை ஓரம் கட்டி, விளக்கைப் போட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு மதுரைக்குப் பக்கத்தில் சமயநல்லூர். இருபத்தாறு வருஷமாக லாரி ஓட்டுகிறேன். முதல் பத்து வருஷம் வைக்கோல், அப்புறம் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கண்டெய்னர், இப்போது சொந்தமாக ஒரு கூண்டு வண்டி. மூன்றுமே உயரமான வண்டிகள். மதுரையைச் சுற்றி வருஷம் முழுக்க ஏதாவது ஒரு சாலை மூடியேதான் இருக்கும். சித்திரையில் அழகர் இறங்கி வரும்போது அழகர்கோவில் சாலை, தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு, அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி. இவை தேதி தெரிந்தவை. பாலம் கட்டுவதும், குழாய் பதிக்கத் தோண்டுவதும், ஒரே மழையில் தண்ணீர் கட்டிக்கொள்வதும் தேதி சொல்லி வருவதில்லை.

மாற்றுப் பாதை போடுகிறவர் மனதில் இருப்பது பைக்கும் காரும் டவுன் பஸ்ஸும்தான். பஸ் போனால் லாரியும் போகும் என்று நினைத்துவிடுகிறார்கள். பஸ் சுமார் பதினோரு அடி உயரம். பாரம் ஏற்றிய வைக்கோல் லாரி பதிமூன்று, பதினான்கு அடி நிற்கும். அந்த மூன்று அடிக்குள்தான் கம்பி, கிளை, வளைவு எல்லாம் இருக்கின்றன.

இன்றைய உயரம் என்ன?

எந்த டிரைவரைக் கேட்டாலும் வண்டியின் உயரம் தெரியும் என்பார். பாடி கட்டினபோது பட்டறையில் சொன்ன கணக்கைச் சொல்வார். நமக்கு வேண்டியது இன்றைக்கு ஏற்றிய பாரத்தின் உயரம். பாரம் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டின பிறகுதான் அளக்க வேண்டும். எடைமேடை இதற்கு நல்ல இடம்; சமமாக இருக்கும், எப்படியும் அங்கே நிற்கப்போகிறோம். நீளமான மரச்சட்டம் ஒன்றைப் பாரத்தின் உச்சியில் படுக்கவைத்து, ஒரு முனையை வெளியே நீட்டி, அந்த முனையிலிருந்து தரைவரை டேப்பை விடுங்கள். சட்டம் சாய்ந்தால் கணக்குத் தப்பிவிடும். ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள்.

உச்சி எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறோம். வைக்கோல் நடுவில் ஆமை முதுகு மாதிரி எழும்பி நிற்கும். கூண்டு வண்டியில் கூரைமேல் சுருட்டிக் கட்டிய தார்ப்பாயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வைக்கோல் ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் அமுங்கும் என்பது உண்மைதான். ஆனால் அமுங்கும்போதே கயிறு தளர்ந்து பாரம் ஒரு பக்கம் சாயும், தளர்ந்த தார்ப்பாய் காற்றில் உப்பும். அதனால் அமுங்கியதைக் கழிக்காதீர்கள்.

பாரம் இறக்கின வண்டி எழும்பி நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து பாடியை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிவிடும். கண்டெய்னர் ஓட்டிய காலத்தில் ஒரு கிட்டங்கி வாசலில் பாரத்தோடு சுலபமாக நுழைந்தேன். காலியாக வெளியே வரும்போது பெட்டியின் மேல்விளிம்பு வாசல் பீமில் உரசியது. போன வழிதானே என்ற நினைப்பில் வந்ததுதான் தப்பு.

கண்டெய்னர் ஓட்டுகிறவர்கள் பெட்டியின் உயரத்தைக் கேட்டு வாங்குங்கள். நாற்பது அடிப் பெட்டி என்று மட்டும் சொல்வார்கள். அதிலேயே எட்டரை அடி உயரமும் உண்டு, ஒன்பதரை அடி உயரமும் உண்டு. மேல்மூலைகளில் மஞ்சளும் கறுப்பும் சாய்வாகப் பட்டை போட்டிருந்தால் அது ஒன்பதரை.

அளந்ததைச் சாக்பீஸால் கண்ணாடிக்கு மேலே, கண்ணில் படுகிற இடத்தில் எழுதுங்கள். மீட்டரிலும் அடியிலும் இரண்டையும் எழுதுங்கள். நாம் அடிக்கணக்கில் பேசுகிறோம். பாலத்துக்கு முன்னால் சிவப்பு வட்டத்துக்குள் மேலும் கீழும் முக்கோணம் போட்டிருக்கிற பலகை மீட்டரில் பேசும். 4 மீட்டர் என்றால் 13 அடி ஒன்றரை அங்குலம். 4.5 மீட்டர் என்றால் 14 அடி 9 அங்குலம். இதை நின்று நிதானமாக முன்கூட்டியே மாற்றி வையுங்கள். வண்டி ஓடும்போது மனக்கணக்கு வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண சரக்கு லாரிக்கு முன்பு 3.8 மீட்டர் என்று இருந்த உச்ச வரம்பை 2020-ல் 4 மீட்டர் ஆக்கினார்கள். டிரெய்லரில் போகும் கண்டெய்னருக்கு 4.52 மீட்டர். அதற்கு மேலே பாரம் நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம், இறக்குகிற செலவும் நம் தலையில்தான். ஆனால் 4 மீட்டருக்குள் இருக்கிறோம் என்பதாலேயே கிராமத்து மாற்றுப் பாதை நம்மை விட்டுவிடாது. நான் பார்த்த தாழ்வான கம்பிகளில் பாதிக்கு மேல் 4 மீட்டரிலேயே இடிக்கும்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

“இந்தப் பாதையில லாரி போகுமா?” என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் போகும் என்பார்கள். பொய் சொல்வதில்லை. மணல் லாரியையும் டிப்பரையும் நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். கேள்வியை மாற்றுங்கள். “இந்தப் பக்கம் போர்வெல் வண்டி வந்திருக்கா?” என்று கேளுங்கள். போர்வெல் வண்டி உயரம். அது வந்து நின்ற நாளை ஊரே நினைவில் வைத்திருக்கும். “அறுப்பு மெஷின லாரியில ஏத்திக் கொண்டுவந்தாங்களா, இல்ல மெயின் ரோட்டுலயே இறக்கி ஓட்டிட்டு வந்தாங்களா?” என்பது அடுத்த கேள்வி. மெயின் ரோட்டிலேயே இறக்கினார்கள் என்றால் உள்ளே ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். சப்பரம் எந்தத் தெரு வழியாக வரும் என்றும் கேட்கலாம். சப்பரம் வருகிற தெருவில் கம்பியை உயர்த்திக் கட்டியிருப்பார்கள், கிளையைக் கழித்திருப்பார்கள்.

கேட்க வேண்டிய இன்னொன்று, வண்டியைத் திருப்ப இடம் எங்கே என்பது. என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். ஊர் மந்தையா, களமா, ரேஷன் கடைக்கு முன்னால் பொட்டலா? அதுதான் உங்கள் கடைசித் திருப்பம். அதைத் தாண்டி உள்ளே போனால் அப்புறம் பின்னோக்கித்தான் வர வேண்டும். கடைசித் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, அதற்கு அப்பால் உள்ள பாதையை நடந்தோ, யாராவது தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தோ முழுசாகப் பார்த்துவிட்டு வாருங்கள். மறுபடி பெரிய சாலையில் சேருகிற இடம்வரை பார்க்க வேண்டும். முக்கால் பாதை நன்றாக இருந்து கடைசி வளைவில் மாட்டுகிற கதைதான் அதிகம்.

நான் ஒரு அளவுக் கம்பு வைத்திருக்கிறேன். இரண்டு துண்டு பி.வி.சி. பைப், நடுவில் சாக்கெட். சேர்த்தால் வண்டியின் உயரத்தோடு அரை அடி கூட வரும்படி வெட்டியிருக்கிறேன். மரக்கிளை, தோரணவாயில், பாலத்துக்கு அடியில் நிறுத்திப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. மின்கம்பி பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகவே கூடாது. பிளாஸ்டிக்தானே என்று நினைக்காதீர்கள். ஈரமோ அழுக்கோ இருந்தால் எதிலும் மின்சாரம் பாயும். கம்பிக்குக் கீழே நின்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். கம்பிக்கும் பாரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் கை நீட்டுகிற அளவுகூட இடம் இருக்காது என்று தோன்றினால் நான் போவதில்லை.

மேலே இருப்பவை

கறுப்புக் கேபிளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு நாள் இருக்கிறது. வைக்கோல் ஓட்டிக்கொண்டிருந்த காலம். சித்திரைத் திருவிழாவுக்காக அழகர்கோவில் சாலையை மூடிவிட்டார்கள். அப்பன்திருப்பதிக்கு முன்னாலேயே என்னை ஒரு கிராமத்துச் சாலையில் திருப்பிவிட்டார்கள். முன்னால் ஒரு பஸ் போனது, நானும் பின்னாலேயே போனேன். ஊருக்குள் தெருவுக்குக் குறுக்கே டி.வி. கேபிள் தொங்கியது. கேபிள்தானே, மின்சாரம் இல்லையே என்று மெல்ல உருட்டினேன். தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சில் அது மாட்டிக்கொண்டது. அந்தக் கேபிளை மின்கம்பத்திலேயே சுற்றிக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்குப் போகிற சர்வீஸ் ஒயரும் அதோடு சேர்ந்து போனது. நான் பிரேக் அடிப்பதற்குள் ஒயர் அறுந்து ஒரு வீட்டு வாசலில் பொறி பறக்க விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. லாரி வருவதைப் பார்த்து அதன் அப்பத்தா உள்ளே தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

“ஏப்பா, ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கிட்டுக் கம்மாக்கரை வழியா விட்டிருப்பேன்ல” என்றார் அந்த அப்பத்தா. திட்டவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒயருக்கும் கேபிளுக்கும் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்த திண்ணை இன்றைக்கும் கண்முன்னால் வருகிறது.

அதனால் கேபிள் என்றாலும் மின்கம்பி என்று நினைத்துத்தான் நடக்க வேண்டும். கிளீனரை மேலே ஏற்றிக் கவைக்கம்பால் ஒயரைத் தூக்கிவிடச் சொல்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். காய்ந்த மூங்கில் என்று பார்த்தால் தெரியாது, உள்ளே ஈரம் இருக்கும். மேலே நிற்கிற பையன் நம்மை நம்பித்தான் ஏறுகிறான். கம்பி தாழ்ந்திருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குக் கூப்பிட்டு, கம்ப எண்ணைச் சொல்லுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். திருவிழா நாட்களில் தெருவுக்குக் குறுக்கே கட்டுகிற சீரியல் செட்டும் இதே கணக்குதான். நேற்று இருந்திருக்காது, இன்றைக்கு இருக்கும்.

ரயில் பாதைக்கு அடியில் போகிற வழிகளை நான் அறவே தவிர்க்கிறேன். நகருக்குள் மணிநகரம் கர்டர் (இரும்பு உத்திரம்) பாலம் மாதிரி பழையவை இருக்கின்றன. ஆளில்லா ரயில்வே கேட்டுகளை மூடிவிட்டுக் கட்டிய சுரங்கப்பாதைகள் கிராமங்களில் நிறைய. பலகையில் உயரம் எழுதியிருந்தாலும் முழுசாக நம்பாதீர்கள். எழுதின பிறகு எத்தனை தடவை தார் போட்டார்களோ, அத்தனை தடவையும் உயரம் குறைந்திருக்கும். நீள வண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சுரங்கப்பாதை பள்ளமாக இறங்கி ஏறும். முன்சக்கரம் ஏற்றத்திலும் பின்சக்கரம் இறக்கத்திலும் நிற்கும்போது வண்டியின் நடுப்பகுதி பள்ளத்துக்கு மேலே தூக்கி நிற்கும். முன்பக்கம் நன்றாக நுழைந்துவிட்டது என்று நிம்மதியாகும் நேரத்தில் நடுமுதுகு கர்டரில் இடிக்கும். அரை அடி இடைவெளி சமதரைக்குப் போதும், இங்கே போதாது.

கேட் உள்ள இடத்தில், தண்டவாளத்துக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட். தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே பாயும். அதற்காகத்தான் இரண்டு பக்கமும் உயர அளவுச் சட்டம் நிறுத்தியிருக்கிறார்கள். பாரம் அந்தச் சட்டத்தில் உரசினால் அங்கேயே நின்று திரும்ப வேண்டும். சட்டத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வண்டியை விடுவதும், பாரத்தின்மேல் ஆளை உட்காரவைத்துக் கடப்பதும் கொலைக்குச் சமம்.

மரத்தை விஷயம் தெரிந்தவர்கள்கூடக் குறைவாக நினைக்கிறார்கள். நம் ஊர்ப் பழைய சாலைகளில் புளியமரம் இரண்டு பக்கமும் கவிந்திருக்கும். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பதால், இடது பக்கம் ஒதுங்கினால் லாரியின் தலை அரை அடிவரை மரத்தின் பக்கம் சாயும். எதிரே பஸ் வருகிறது என்று ஒதுங்குகிற நேரத்தில்தான் மூலை மாட்டும். அகலம் குறைந்த சாலையில் கிளை தாழ்ந்திருக்கும் இடத்துக்கு முன்னாலேயே நின்று, எதிர்வண்டியைப் போகவிட்டு, நடுச்சாலையில் கடந்து போங்கள்.

ஊர் நுழைவு வளைவுகளில் நடு உயரமாகவும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். நடுவில் போக முடியும் என்றால் மட்டும் போகலாம். கான்கிரீட் வளைவு எவ்வளவு பாரம் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுத்தாவணி அருகே நக்கீரர் தோரணவாயிலை 2025-ல் இடித்தபோது, இயந்திரம் ஓட்டிய தொழிலாளி அதன் அடியில் சிக்கி இறந்துபோனார்.

சுற்றுவழியே நல்லவழி ஆகும் இடங்கள்

மதுரை விஷயத்தில் பெரும்பாலான சிக்கலை ஊருக்குள் நுழையாமலேயே தீர்க்கலாம். திண்டுக்கல் பக்கமிருந்து திருநெல்வேலி போகிறவர்கள் சமயநல்லூரில் நான்குவழிச் சாலையை விடாமல் துவரிமான், நாகமலைப்புதுக்கோட்டை வழியாகக் கப்பலூர், திருமங்கலம் போய்விடுங்கள். மேலூர்ப் பக்கமிருந்து வந்தால் உத்தங்குடி, பாண்டிகோவில், விரகனூர், மண்டேலா நகர் என்று சுற்றுச்சாலையிலேயே கப்பலூர் சேரலாம்; சுமார் 27 கிலோமீட்டர். தூத்துக்குடிக்கு மண்டேலா நகரில் அருப்புக்கோட்டைச் சாலை பிரிகிறது. இருபது கிலோமீட்டர் கூடினால் டீசல் செலவு கூடும்தான். ஒரு கம்பத்துக்குக் கொடுக்கிற பணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. போனில் மேப் காட்டுகிற வழியை இதில் சேர்க்காதீர்கள். கார் போகும் வழியைத்தான் அது காட்டும், உங்கள் பாரத்தின் உயரத்தை அது கேட்பதில்லை.

சுற்றிப் போவதால் தாமதமாகும் என்றால், சரக்கோடு கொண்டுபோகிற ஜி.எஸ்.டி. சீட்டான ஈ-வே பில் எப்போது முடிகிறது என்று பாருங்கள். முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ நீட்டித்துக்கொள்ளலாம். வழியில் சின்ன வண்டிக்குப் பாரம் மாற்றினால் பகுதி ‘பி’-யில் புது வண்டி எண்ணைச் சேர்க்கச் சொல்லி உரிமையாளருக்குப் போன் போடுங்கள்.

மாட்டிக்கொண்டால்

பாலத்திலோ வளைவிலோ மாட்டிவிட்டால் முன்னே அழுத்தாதீர்கள், உடனே பின்னேயும் இழுக்காதீர்கள். இறங்கி எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். பின்னால் வரும் வண்டிகளை இரண்டு பேர் நிறுத்தட்டும். டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினால் இரண்டு மூன்று அங்குலம் தாழும், பெரும்பாலும் அது போதும். எல்லா டயரிலும் ஒரே அளவு இறக்குங்கள், இல்லாவிட்டால் வண்டி சாயும். அப்புறம் ஒரே ஒருவர் மட்டும் குரல் கொடுக்க, அவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். பத்துப் பேர் ஆளுக்கொரு பக்கம் “வா, வா” என்றால் எதையும் கேட்காதீர்கள். காற்று இறக்கிய டயரோடு பாரத்தை ஏற்றிக்கொண்டு தூரம் போகக் கூடாது. அருகில் உள்ள காற்று பிடிக்கும் கடைவரை மெல்லப் போங்கள்.

ரயில் பாலத்தில் இடித்துவிட்டால், வண்டி வெளியே வந்துவிட்டாலும் கிளம்பிவிடாதீர்கள். கேட்கீப்பரோ ஸ்டேஷனோ அருகில் இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லுங்கள், அல்லது 139-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள். கர்டர் நகர்ந்திருந்தால் அடுத்து வருகிற ரயிலில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

மின்கம்பி பாரத்தின்மேல் கிடந்தால் கேபினை விட்டு இறங்காதீர்கள், யாரையும் வண்டியைத் தொடவும் விடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தியது உறுதியான பிறகுதான் இறங்க வேண்டும். தீப்பிடித்துவிட்டால் மட்டும், ஒரு கை வண்டியிலும் ஒரு கால் தரையிலும் இல்லாதபடி இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதித்து, காலைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்தே விலகிப் போங்கள். எரிகிற வைக்கோலோடு வண்டியை ஓட்டாதீர்கள். ஓடுகிற காற்றே தீயை வளர்த்துவிடும்.

சாலையை மூடுகிறவர்களிடமும் விழாக் குழுவினரிடமும் ஒன்று கேட்கிறேன். பலகையை மூடிய இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். லாரி திரும்பக்கூடிய முந்தைய சந்திப்பிலேயே ஒன்று வையுங்கள். ‘உயரமான வண்டிகள் செல்ல முடியாது’ என்ற ஒரு வரியும், மீட்டரில் ஒரு எண்ணும் போதும். அந்தப் பாதையை ஒருமுறை அளந்தாலே எண் கிடைத்துவிடும். எழுதுகிறவருக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

அப்படிப் பலகை இல்லாத இடத்தில் நான் இப்போது செய்வது இது. பாதை சரிப்படவில்லை என்று திரும்பி வந்தால், நுழைகிற இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று, எதிரே வருகிற உயரமான வண்டிக்குக் கையைத் தலைக்கு மேலே படுக்கையாகப் பிடித்துக் காட்டுவேன். இதுவரை நிற்காமல் போன டிரைவர் யாருமில்லை. “எவ்வளவுண்ணே?” என்று கேட்பார்கள். நான் பார்த்த உயரத்தைச் சொல்வேன், அவர்கள் கண்ணாடிக்கு மேலே எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பேன்.